கலிஃபோர்னியாவில் எண் மாறிய நெடுஞ்சாலையைத் தேடிக் கண்டறியும் முறை

கலிஃபோர்னியாவைப் பற்றிய பழைய செய்தித்தாளிலோ, அஞ்சலட்டையிலோ, நிலப் பத்திரத்திலோ ஒரு நெடுஞ்சாலை எண்ணைப் பார்த்துவிட்டு, அதே எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடுபவர் பல நேரங்களில் தொடர்பே இல்லாத வேறொரு ஊரில் போய் நிற்பார். மாநில நெடுஞ்சாலை 7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1950களில் அந்த எண் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்குப் பகுதியில் ஓடிய, இன்று இன்டர்ஸ்டேட் (மாநிலங்களை இணைக்கும் தேசிய அதிவேகச் சாலை) 405 என்று அறியப்படும் சாலைக்கு உரியதாக இருந்தது. 1970களில் அதே 7 லாங் பீச் ஃப்ரீவே என்ற, குறுக்குச் சந்திப்புகள் இல்லாத விரைவுச் சாலையைக் குறித்தது. அந்த ஃப்ரீவேயின் இன்றைய எண் 710. இப்போது 7 என்ற பலகையைப் பார்க்க வேண்டுமானால் மெக்சிகோ எல்லைக்கு, கலெக்சிக்கோவுக்குக் கிழக்கே உள்ள சில மைல் நீளச் சாலைக்குத்தான் போக வேண்டும். எனவே எண் கையில் கிடைத்ததும் வரைபடத்தைத் திறக்காமல், அந்த எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்டு தெரியாத எண்ணால் இந்த மாநிலத்தில் பயனில்லை.

ஆண்டு தெரிந்த பிறகு கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அது எந்த வகை எண் என்பது. மாநில நெடுஞ்சாலைகளுக்காக 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிட 1910இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்ததைத் தொடர்ந்து உருவான சாலைகளுக்கு நிர்வாகப் பயன்பாட்டுக்காகச் சில எண்கள் தரப்பட்டன. சட்டத்திலும் ஒப்பந்தங்களிலும் பொறியாளர்களின் வரைபடங்களிலும் மட்டுமே வழங்கிய அவற்றைச் சட்ட எண்கள் என்று அழைப்போம். வாகனம் ஓட்டிச் சென்ற யாரும் அவற்றைச் சாலையோரப் பலகையில் பார்த்ததில்லை. 1926இல் நாடு முழுவதற்குமான யூ.எஸ். எண்கள் வந்தபோது, கலிஃபோர்னியாவுக்கு 40, 50, 66, 80, 99, 101 முதலியவை கிடைத்தன. மாநிலத்துக்கென்று தனியாகப் பலகை எண்கள் வந்தது 1934இல்தான். அதற்கு முந்தைய ஆண்டில் சட்டமன்றம் ஏராளமான கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சாலைகளை மாநில அமைப்பில் சேர்த்து அதன் நீளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்ததால், ஓட்டுநர்களுக்கு வழிகாட்ட எளிய எண்கள் தேவைப்பட்டன. வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என இயங்கிய இரண்டு வாகன உரிமையாளர் சங்கங்கள்தாம் அந்தப் பலகைகளை நட்டன.

இதன் விளைவாக 1934 முதல் 1964 வரையிலான முப்பது ஆண்டுகளில் ஒரே சாலைக்கு இரண்டு எண்கள் இருந்தன. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஓரிகன் எல்லை வரை சென்ற சாலையில் யூ.எஸ். 101 என்ற பலகை நின்றது. சட்டத்தில் அதன் பெயர் ‘தடம் 1’. கடற்கரையை ஒட்டிச் சென்ற சாலையில் 1 என்ற பலகை நின்றது. சட்டத்தில் அதன் பெரும்பகுதி ‘தடம் 56’. ஆகவே அந்தக் கால அரசு ஒப்பந்த அறிவிப்பில் ‘தடம் 1’ என்று படித்தால் கடற்கரையைத் தேடி ஓடக் கூடாது. அது பெரும்பாலும் யூ.எஸ். 101. பயணக் கட்டுரை, செய்தி, விளம்பரம், அஞ்சலட்டை ஆகியவை பலகை எண்ணைச் சொல்லும். அரசாணை, சட்டத் தொகுதி, கட்டுமான ஒப்பந்தம் ஆகியவை சட்ட எண்ணைச் சொல்லும். நிலப் பத்திரங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லும் என்பதால், அவற்றில் எண்ணைவிட எல்லைக் குறிப்புகளையும் ஊர்ப் பெயர்களையும் நம்புவது மேல்.

1934ஆம் ஆண்டுப் பலகை எண்களில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. தேடுபவருக்கு இது பெரிய உதவி. எண்ணை நான்கால் வகுத்துப் பாருங்கள். மீதி 0 அல்லது 1 என்றால் அது பொதுவாக வடக்கு கலிஃபோர்னியாவுக்கு ஒதுக்கப்பட்ட எண். மீதி 2 அல்லது 3 என்றால் தெற்குக்கு ஒதுக்கப்பட்டது. 9, 12, 17, 20, 21 ஆகியவை வடக்கு. 7, 11, 15, 18 ஆகியவை தெற்கு. விதிவிலக்குகள் உண்டு, 1 என்ற எண்ணே மாநிலத்தின் இரு பாதிகளிலும் ஓடியது. ஆனாலும் இந்தக் கணக்கை இன்றைய வரைபடத்தின் மீது வைத்துப் பார்த்தால் பிற்காலத்தில் நுழைந்த எண்கள் தாமாகவே வெளிப்படும். சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மலை முகட்டில் செல்லும் ஸ்கைலைன் புலவாரின் எண் 35. ஸ்டாக்டனிலிருந்து கிழக்கே செல்லும் ஒரு சாலையின் எண் 26. இரண்டும் கணக்குப்படி தெற்குக்கு உரிய எண்கள், நிற்பதோ வடக்கில். உண்மையில் ஸ்கைலைன் 1964க்கு முன் 5ஆகவும், ஸ்டாக்டன் சாலை 8ஆகவும் இருந்தன. வடக்குக் கோடியில், ட்ரினிட்டி மலைப் பகுதியில் இன்று உள்ள 3 என்ற எண்ணும் இதே வகை. 1934இல் அந்த எண் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் கடற்கரைச் சாலைக்குத் தரப்பட்டிருந்தது.

இந்த மாற்றங்களுக்குக் காரணமான 1964ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடல்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டில்தான் சிக்கிக்கொள்கின்றன. 1963இல் இயற்றப்பட்டு 1964 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், பழைய சட்ட எண்களை ஒழித்து, பலகையில் என்ன எண்ணோ அதுவே சட்டத்திலும் எண் என்று ஆக்கியது. இரண்டு வகைச் சாலைகளுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது என்ற கொள்கையும் அதனுடன் வந்தது. புதிதாகக் கட்டப்பட்டுவந்த இன்டர்ஸ்டேட் சாலைகளின் எண்களை மாநிலம் மாற்ற முடியாது என்பதால், அதே எண்ணைத் தாங்கிய மாநிலச் சாலைகள் விலகிக்கொண்டன. இன்டர்ஸ்டேட் 5க்காக ஸ்கைலைன் 35 ஆனது. இன்டர்ஸ்டேட் 8க்காக ஸ்டாக்டன் சாலை 26 ஆனது. இன்டர்ஸ்டேட் 15க்காக லாங் பீச் ஃப்ரீவே 15 என்ற எண்ணை இழந்து 7 ஆனது. அந்த 7 மட்டும் எப்படிக் காலியாக இருந்தது என்று கேட்டால், பழைய 7 அப்போதுதான் 405 ஆகியிருந்தது.

யூ.எஸ். எண்களிலும் பல அப்போது வெட்டுப்பட்டன. லாங் பீச் வரை வந்த யூ.எஸ். 6, சியரா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள பிஷப் என்ற ஊரோடு நின்றுவிட்டது; அதன் தெற்குப் பகுதியின் பெரும்பாகம் இன்றைய 14, யூ.எஸ். 395 ஆகியவற்றில் அடங்கும். மெக்சிகோ எல்லை முதல் ஓரிகன் வரை மாநிலத்தையே ஊடுருவிய யூ.எஸ். 99 முற்றிலும் நீக்கப்பட்டது. தெற்கே மாநில நெடுஞ்சாலை 86, பிறகு இன்டர்ஸ்டேட் 10, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வீலர் ரிட்ஜ் வரை இன்டர்ஸ்டேட் 5, அங்கிருந்து சான் வாக்கின் பள்ளத்தாக்கு வழியாக மாநில நெடுஞ்சாலை 99, ரெட் பிளஃப் நகருக்கு வடக்கே மீண்டும் இன்டர்ஸ்டேட் 5 என்று அதைப் பெரும்பாலும் ஐந்து துண்டுகளாகத் தேட வேண்டும். எல்லாரையும் ஏமாற்றும் எண் ஒன்றும் இருக்கிறது. சான் டியேகோவிலிருந்து எல் சென்ட்ரோ வழியாக அரிசோனாவின் யூமா நகருக்குச் சென்ற பழைய யூ.எஸ். 80இன் இடத்தில் இன்று இருப்பது இன்டர்ஸ்டேட் 8. இன்டர்ஸ்டேட் 80 அங்கிருந்து நூற்றுக்கணக்கான மைல் வடக்கே, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து டானர் கணவாய் வழியாக நெவாடாவுக்குச் செல்வது. அதன் முன்னோடி யூ.எஸ். 40. பழைய ஆவணத்தில் 80 என்று மட்டும் எழுதியிருந்தால் முன்னே யூ.எஸ். இருக்கிறதா என்று கண்ணைக் கூர்மையாக்கிப் பாருங்கள்.

சட்டம் ஜூலை 1 அன்று மாறினாலும் பலகைகள் அன்றே மாறவில்லை. யூ.எஸ். 99 பலகைகள் சில பகுதிகளில் மேலும் சில ஆண்டுகள் நின்றன. எனவே 1965ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் பழைய எண் தெரிந்தால் புகைப்படத்தின் தேதி பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பலகையின் வடிவமும் தேதி சொல்லும்: வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எண்ணும் கரடி உருவமும் இருந்தால் அது 1934ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்தது; பச்சைப் பின்னணியில் வெள்ளை எண் என்றால் 1964க்குப் பிந்தையது. வெளிக்கோட்டு வடிவம் மட்டும் இரண்டிலும் ஒன்றே, தங்க வேட்டைக் காலச் சுரங்கத் தொழிலாளியின் மண்வெட்டி.

ஆவணங்களில் தேடும் வரிசை

முதலில் இன்றைய சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் தெருக்கள் மற்றும் நெடுஞ்சாலைகள் சட்டத்தொகுப்பில் ஒவ்வொரு மாநிலத் தடத்துக்கும் ஒரு பிரிவு உண்டு, அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழியும் உண்டு: சாலை எண்ணுடன் 300ஐக் கூட்டினால் பெரும்பாலும் பிரிவு எண் கிடைத்துவிடும். தடம் 1 பிரிவு 301இல், தடம் 66 பிரிவு 366இல், தடம் 299 பிரிவு 599இல் இருக்கும். இந்தத் தொகுப்பு சட்டமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிவின் வாசகம் சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும். அடியில் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டும் இருக்கும். சில பிரிவுகளில் ஒரு நகரத்தின் பகுதி அந்த நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும், தடத்தின் தொடர்ச்சிக்கு வழிகாட்டும் பலகைகளை நகராட்சி பராமரிக்க வேண்டும் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். சாலை நடுவில் அறுந்து, இரு பக்கமும் அதே எண் தொடர்வதற்கு இதுவே காரணம். வெஸ்ட் ஹாலிவுட்டில் சாண்டா மோனிகா புலவாராக ஓடும் தடம் 2இன் பகுதி இப்படித்தான் மாநிலத்தின் கையை விட்டுப் போனது. அங்கே சாலை இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, போக்குவரத்து நெரிசலும் இருக்கிறது. சட்டப்படி மாநில நெடுஞ்சாலை மட்டும் இல்லை.

இரண்டாவதாக, பழைய சட்டத்தைப் பாருங்கள். 1850 முதலான ஆண்டுச் சட்டத் தொகுதிகள் மாநிலக் கீழவைச் செயலகத்தின் காப்பகத்தில் மின்வடிவில் உள்ளன. இன்றைய பிரிவின் அடியில் கிடைத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு திருத்தமாகப் பின்னோக்கிச் சென்றால் தடம் எப்போது நீண்டது, எப்போது குறுகியது, எப்போது வேறு எண்ணுக்கு மாறியது என்பது தெரியும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் வரைபடங்கள் முரண்படும் இடத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

மூன்றாவதாக வரைபடங்கள். இன்றைய மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ் 1973இல் உருவாவதற்கு முன் நெடுஞ்சாலைகளை நிர்வகித்த நெடுஞ்சாலைப் பிரிவு அதிகாரபூர்வ மாநில வரைபடங்களை வெளியிட்டு வந்தது. அவற்றில் பலவற்றை டேவிட் ரம்சி வரைபடத் தொகுப்பின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். 1964ஐ ஒட்டிய தேடல் என்றால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வெளியான இரண்டு வரைபடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே மிக விரைவான வழி. எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் நிலையங்களில் இலவசமாக வழங்கிய வரைபடங்கள் அழகாக இருக்கும், ஆனால் அச்சான ஆண்டும் உள்ளடக்கத்தின் ஆண்டும் எப்போதும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அவற்றைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். சாலை துல்லியமாக எந்த வளைவில் திரும்பியது என்பதை அறிய அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பழைய நிலக்கிடப்பு வரைபடங்களும், சாண்டா பார்பரா பல்கலைக்கழக நூலகம் சேர்த்து வைத்திருக்கும் வான்வழிப் புகைப்படங்களும் உதவும்.

கிடைப்பதையெல்லாம் ஒரே அட்டவணையில் குறித்து வாருங்கள்: ஆண்டு, பலகை எண், சட்ட எண், தொடங்கும் ஊர், முடியும் ஊர், தகவல் கிடைத்த ஆவணம். ஃப்ரீமாண்ட், மில்பிடாஸ் பக்கம் வாழும் தமிழர்கள் நாள்தோறும் ஓட்டும் 880ஐ எடுத்துக்கொண்டால், 1984 வரை அது மாநில நெடுஞ்சாலை 17இன் பகுதி என்று அட்டவணை சொல்லும். அந்த 17 அப்போது சாண்டா குரூஸில் தொடங்கி, சான் ஹோசே, ஓக்லண்ட் வழியாக விரிகுடாவைக் கடந்து சான் ரஃபேல் வரை சென்றது. 1984இல் அதன் நடுப்பகுதி 880 ஆனது, வடபகுதி 580இல் சேர்ந்தது, சாண்டா குரூஸ் மலையைக் கடக்கும் தென்பகுதி மட்டும் 17 என்றே நிலைத்தது. எனவே 1975ஆம் ஆண்டுச் செய்தியொன்றில் ‘நெடுஞ்சாலை 17 விபத்து’ என்று இருந்தால், உடன் சொல்லப்படும் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் மலைப்பாதை என்று எண்ணிவிடக் கூடாது.

எண் வேறு, தடம் வேறு

எண்ணின் வரலாற்றை முழுமையாகப் பிடித்த பிறகும் சாலை எங்கே ஓடியது என்ற கேள்வி பாக்கி நிற்கும். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பர் 30 அன்று ஷோலேம் என்ற சிற்றூரின் அருகே இறந்த விபத்தைப் பாருங்கள். அன்றைய சாலைகள் யூ.எஸ். 466, மாநில நெடுஞ்சாலை 41. யூ.எஸ். 466ஐ இன்று மேற்கிலிருந்து கிழக்காகத் தேடினால் மோரோ பே முதல் அட்டாஸ்கடேரோ வரை 41, அங்கிருந்து பாசோ ரோபிள்ஸ் வரை 101, பிறகு ஷோலேம் வழியாக ஃபமோசோ வரை 46, பேக்கர்ஸ்ஃபீல்டு வரை 99, அதன் பிறகு பார்ஸ்டோ வரை 58 என ஐந்து எண்களில் சிதறிக் கிடக்கிறது. ஆகவே விபத்து நடந்தது இன்றைய 41, 46 சாலைகளின் சந்திப்பில் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சந்திப்பின் அமைப்பே பின்னாளில் மாற்றப்பட்டுவிட்டது. இன்றைய சந்திப்பில் நின்றுகொண்டு இதே புள்ளிதான் என்று சொன்னால் அது தவறு. எண் ஒப்பீடு இந்த அளவுக்குத்தான் துணைவரும், எஞ்சியதை வான்வழிப் படம் காட்ட வேண்டும்.

இதன் எதிர்ப்பக்கம் ரிட்ஜ் ரூட். லாஸ் ஏஞ்சலிஸையும் சான் வாக்கின் பள்ளத்தாக்கையும் இணைக்க மலை முகட்டின் மீது எண்ணற்ற வளைவுகளோடு 1915இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை சட்டத்தில் தடம் 4, பின்னர் யூ.எஸ். 99. 1933இல் அதற்கு மேற்கே வேறொரு வழியில் அகலமான புதிய சாலை திறக்கப்பட்டதும் 99 என்ற எண் அங்கே குடிபெயர்ந்தது. எண் மாறவில்லை, சாலை மாறிவிட்டது. 1930ஆம் ஆண்டு 99உம் 1940ஆம் ஆண்டு 99உம் இந்த மலையில் இரண்டு வெவ்வேறு சாலைகள். பின்னர் அதே வழித்தடத்தில் இன்டர்ஸ்டேட் 5 வந்தது. 1933ஆம் ஆண்டுச் சாலையின் ஒரு பகுதி 1970களில் பிரமிட் ஏரி நிரம்பியபோது நீருக்குள் போனது. முதல் ரிட்ஜ் ரூட்டின் காங்கிரீட் தளம் காட்டுப் பகுதியில் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. பெரிய நகரங்களை ஒட்டி இந்த இடப்பெயர்ச்சி மேலும் சாதாரணம். சான்பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையில் எல் கமினோ ரியல் என்ற பழைய பெருவழி நெடுங்காலம் யூ.எஸ். 101 என்ற எண்ணைத் தாங்கியிருந்தது. எண் பேஷோர் ஃப்ரீவேக்குப் போன பிறகு இந்தப் பழைய வழி மாநில நெடுஞ்சாலை 82 ஆனது.

நேரில் சென்று பார்ப்பவர்கள் முதலில் தெருப் பெயர்களைக் கவனிக்க வேண்டும். ‘ஓல்டு ஹைவே 80’, ‘ஓல்டு ஹைவே 395’ போன்ற பெயர்கள் சான் டியேகோ கவுன்டியில் இன்றும் வழக்கில் உள்ளன. மொஹாவே பாலைவனத்தில் ‘நேஷனல் டிரெயில்ஸ் ஹைவே’ என்பது பழைய யூ.எஸ். 66. அடுத்து, சாலையோரத்தில் நிற்கும் சிறிய வெள்ளைத் தகடுகள். அவற்றில் கவுன்டியின் சுருக்கப் பெயர், தட எண், மைல் கணக்கு ஆகிய மூன்றும் இருக்கும். கணக்கு ஒவ்வொரு கவுன்டி எல்லையிலும் மீண்டும் பூச்சியத்தில் தொடங்கி, தெற்கிலிருந்து வடக்காகவோ மேற்கிலிருந்து கிழக்காகவோ வளரும். மைல் எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதி தடம் திருத்தி அமைக்கப்பட்டது என்று பொருள். அருகிலேயே எங்கோ கைவிடப்பட்ட பழைய துண்டு இருக்கக்கூடும், தேடிப் பார்ப்பது வீண்போகாது. சிறு பாலங்களின் கைப்பிடிச் சுவர் முனையில் கட்டப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பது பல இடங்களில் உண்டு. அது வரைபடத்தைவிட நம்பகமான சான்று. பழைய துண்டுகள் பலவும் தனியார் நிலத்திலோ வனத்துறையின் பூட்டிய வாயிலுக்குப் பின்னாலோ இருப்பதால் அனுமதி கேட்டே நுழையுங்கள்.

பழைய நெடுஞ்சாலை என்று தவறாக எண்ண வைக்கும் சில சாலைகளும் உள்ளன. சான் கேப்ரியல் மலையில் தடம் 39இன் மேல்முனை நிலச்சரிவால் 1978 முதல் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருக்கிறது. மூடப்பட்டது என்பதால் அது நீக்கப்பட்ட நெடுஞ்சாலை ஆகிவிடாது. தடம் 190 சியரா மலையின் இரு பக்கமும் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. நடுப்பகுதி கைவிடப்பட்டதன்று, கட்டப்படவே இல்லை. இதற்கு மாறாக, சான்பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ ஃப்ரீவே உண்மையிலேயே போய்விட்டது. இன்டர்ஸ்டேட் 480 ஆகத் தொடங்கி, பின்னர் மாநில நெடுஞ்சாலை 480 ஆகி, 1989 அக்டோபர் 17 அன்று ஏற்பட்ட லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்தில் சேதமடைந்து, 1991இல் இடிக்கப்பட்டது. அதைத் தேடுபவருக்கு இன்றைய சட்டத்தொகுப்பு உதவாது. இடிப்புக்கு முந்தைய ஆண்டின் தொகுதியைத்தான் புரட்ட வேண்டும்.

கண்டறிந்ததை எழுதி வைக்கும்போது ‘பழைய 7’ என்று மட்டும் எழுதாமல், ‘மாநில நெடுஞ்சாலை 7, 1964க்குப் பின், லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி, இன்றைய 710’ என்பதுபோல வகை, காலம், கவுன்டி, இன்றைய எண் ஆகிய நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். இன்றைய எண்ணோடு அதைச் சரிபார்த்த ஆண்டையும் குறித்துவிடுங்கள், ஏனென்றால் சட்டமன்றம் இந்தப் பிரிவுகளை இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறது.